பாலுவுக்கு ஒரு பக்கம்

நான் இரண்டாம் வகுப்பு படித்ததிலிருந்து ஐந்தாம் வகுப்பு படிக்கும்வரை எங்கள் வீட்டில் கெட்டது என்று எதுவுமே நடக்கவில்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தார். அம்மாவும் அண்ணனும் நானும் கோட்டுச்சேரியில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். அண்ணன் கணக்கில் பெயிலானது, புயலில் கொல்லைச் சுவர் சரிந்தது, அம்மா மஞ்சள்காமாலை வந்து கீழாநெல்லியும் மோருமாக ஒரு மாதம் படுத்துக் கிடந்தது, இவை எதுவும் அந்தப் போனுக்குள் நுழைந்ததில்லை. "எல்லாரும் நல்லாருக்கோம், நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க" என்பதுதான் அம்மா வாராவாரம் வாசிக்கும் அறிக்கை.

இது அம்மா மட்டும் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. தாத்தா காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எங்கள் தெருவில் நாலைந்து இருந்தன. அந்த வீடுகளிலிருந்து ஒருவராவது அங்கே போய் வேலையில் இருந்தார்கள். தூரத்தில் தனியாக இருப்பவரிடம் கெட்ட சேதியைப் போனில் சொல்லக் கூடாது, அவர் லீவில் வந்து இறங்கி, குளித்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு மெல்லச் சொல்ல வேண்டும் என்பது அந்த வீடுகளின் எழுதாத சட்டம். எங்கள் வீட்டில் சட்டம் இன்னும் கொஞ்சம் கடுமை. பெரியப்பா இறந்தபோது யாரோ அவசரக்காரர் அப்பா வேலை செய்யும் இடத்துக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். கொதிக்கிற சூப்பை இறக்கிக்கொண்டிருந்த நேரம். அப்பாவுக்கு இடது கை முழங்கைவரை வெந்துபோனது. அதற்குப் பிறகு அம்மா போனைத் தொடும்போதே முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்வாள். சிரிப்பு போனில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

பாலு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு லீவில். அப்பா திருவேட்டக்குடிக்கு மீன் வாங்கப் போனார். போனவர் மீன் இல்லாமல், சட்டைக்குள் ஒரு வெள்ளை நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு திரும்பினார். அம்மா அரைத்து வைத்திருந்த மசாலாவுக்கு அன்று உருளைக்கிழங்குதான் கிடைத்தது. "பொமரேனியன்மா, அசல் பொமரேனியன்" என்று அப்பா சத்தியம் செய்தார். வளர வளர அந்தப் பொமரேனியன் குறைந்துகொண்டே போய்த் தெருநாய் கூடிக்கொண்டே வந்தது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்தே இருக்கும். உருவம் மட்டும் கடைசிவரை சின்னதாகவே இருந்தது, அண்ணனின் புத்தகப் பையில் சுருண்டு படுத்துக்கொள்ளும் அளவுக்கு. பால் நிறத்தில் இருந்ததால் அப்பா பாலு என்று பேர் வைத்தார். லீவு முடியும்வரை அது அவர் மார்பின் மேலேயே தூங்கியது.

அப்பா போன பிறகு பாலுவுக்கு அவர் ஒரு குரலாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் எங்களுக்கு முன்னால் பாலு போன் மேசைக்கடியில் நிற்பான். அம்மா பேசி, அண்ணன் பேசி, நான் பேசி முடித்ததும் ரிசீவரை அவன் காதில் வைப்போம். நிமிர்ந்த காதில்தான் வைக்க வேண்டும், மடிந்த காதில் வைத்தால் தலையை உதறிக்கொள்வான். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து, "பாலு, பாப்பாவப் பாத்துக்கடா" என்பார். இவன் தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமிவிட்டு இரண்டு தடவை குரைப்பான். அப்பா சிரிப்பது எங்களுக்கும் கேட்கும். அத்தோடு போன் கார்டு தீர்ந்துபோவதற்கான பீப் சத்தம் வந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஐப்பசி மழையில், பாலு சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக்கொண்டான். கருவாட்டுத் தலையைக் காட்டினால்கூட வாலை மட்டும் லேசாக அசைத்தான். அண்ணனும் நானும் அவனைத் துண்டில் சுற்றி சைக்கிளில் காரைக்கால் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல், ரொம்ப முற்றவிட்டுக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். ஊசி போட்டார். மாத்திரை கொடுத்தார். மாத்திரையை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தபோது பாலு வெல்லத்தை நக்கிவிட்டு மாத்திரையைத் தரையில் வைத்தான். எனக்கு அவன் பிழைத்துவிடுவான் என்று நம்பிக்கை வந்தது அப்போதுதான். இவ்வளவு சாமர்த்தியம் இருப்பவன் எப்படிச் சாவான்?

வியாழக்கிழமை மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். மழைக்காக அரை நாள் விட்டிருந்தார்கள். அம்மா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாலு. அடுப்பில் சோறு அடிப்பிடித்து வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து அடுப்பை அணைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வயிற்றில் கை வைத்தேன். ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, அப்புறம் ஏறவில்லை.

அண்ணன் கொல்லையில் தென்னைமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினான். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அவன் வெட்ட வெட்டக் குழியில் கலங்கல் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. பாலுவுக்குக் குளிப்பது என்றாலே பயம். "தண்ணிக்குள்ள போடாதண்ணா, தண்ணிக்குள்ள போடாத" என்று நான் கத்தினேன். அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய், அடுப்புச் சாம்பலையும் சுவர் கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணலையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து குழிக்குள் கொட்டினான். அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் புதுக் கைலி ஒன்றைக் கொண்டுவந்தாள். லீவில் வந்தால் கட்டட்டும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. அதில் பாலுவைச் சுற்றினாள்.

மண்ணைத் தள்ளி முடித்த பிறகும் நான் நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தேன். அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தலையைத் துவட்டினாள்.

"போதும்டி. நாயிக்குப் போயி யாராச்சும் இப்புடி அழுவாங்களா? இந்தா பாரு, ஞாயித்துக்கெழம அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன். அவுங்க அங்க ஒத்தையில கெடக்குறாங்க. சித்திரையில வர்றப்ப பக்குவமா நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டபோது அம்மா, "வெளிய சுத்தப் போயிருக்கான், இன்னும் வரல" என்றாள். அதற்கு அடுத்த வாரம் தூங்குகிறான் என்றாள். மூன்றாவது வாரம் போன் என் கையில் இருந்தபோது அப்பா, "எங்க பாப்பா அவன்? எழுப்பிக் கூட்டியா. கொரலக் கேட்டு மூணு வாரமாச்சு" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் காலண்டரைப் பார்த்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு குரைத்தேன்.

அப்பா, "என்னடா பாலு, தொண்ட கட்டியிருக்கு?" என்றார்.

"மழையில நனஞ்சிட்டான்ப்பா" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தவளுக்கு அது எதற்கான பரிசு என்று விளங்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. அண்ணன் எனக்குப் பயிற்சியாளர். "உர்ருன்னு ஆரம்பி. எடுத்ததும் கொரைக்காத" என்பான். நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். உற்சாகமாக இருக்கிற பாலு, கோபமாக இருக்கிற பாலு, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பாலு என்று எல்லாம் வந்தது. எதிர்வீட்டு நாய் ஒருமுறை வாசல்வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பாலு உயிரோடு இருப்பான். ஐந்து பதினைந்துக்கு மறுபடி செத்துப்போவான். மிச்ச ஆறு நாளும் அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வாய் தவறி ஒருநாள் போனில் வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். மத்தியானம் எங்களுக்குப் போட்டது போக ஒரு பிடி சோற்றைக் கொல்லைப் படியில் வைப்பாள். கேட்டால், காக்காய்க்கு என்பாள். நான் மட்டும் தென்னைமரத்தடிக்குப் போய் நிற்பேன். அங்கேயும் ஒரு அடையாளமும் இல்லை. மழை மண்ணைச் சமமாக்கிவிட்டது. இப்படி ஒருத்தன் இருந்தான், வியாழக்கிழமை செத்துப்போனான் என்று யாரிடமாவது, எங்கேயாவது சொல்லியே ஆக வேண்டும் போல எனக்கு இருக்கும்.

மார்கழியில் அம்மா பீரோவிலிருந்து லிவ்ரேயை எடுத்தாள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் லிவ்ரே தெ ஃபமீய் என்று ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். குடும்பப் புத்தகம். அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆனதும் பிரெஞ்சு அரசாங்கம் கொடுப்பது. முதல் பக்கத்தில் கல்யாண விவரம், அடுத்தடுத்த பக்கங்களில் பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எங்கள் லிவ்ரே கருநீல அட்டை போட்டது. பட்டுப்புடவைக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். தை மாதம் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு அலுவலகத்தில் எங்களுக்கு ராந்தேவு, அதாவது இந்த நாளில் இந்த நேரத்தில் வா என்று கொடுத்திருந்தார்கள். அங்கே காகிதங்களைக் கொடுத்து முடித்தால் சித்திரையில் அப்பா வந்து எங்கள் எல்லோரையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவார். நான்கு வருஷமாக அம்மா காத்திருந்தது அதற்குத்தான்.

அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் திறந்தாள். அண்ணன் பக்கத்தையும் என் பக்கத்தையும் காட்டினாள். "இதுல பேரு இருந்தாத்தான் நீங்க அப்பாவுக்குப் புள்ளைங்க. போன்ல என்ன வேணா பேசலாம், இதுல ஒரு எழுத்துப் பொய் எழுத முடியாது. இதுல இருக்குறதுதான் நெசம்."

என் பக்கத்தில் மேல்பாதியில்தான் எழுதியிருந்தது. கீழ்ப்பாதி காலியாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். அம்மா சட்டென்று மூடிவிட்டு, "அது நமக்கு வேண்டாதது" என்றாள். அந்தக் கீழ்ப்பாதியின் தலைப்பை நான் எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்துவிட்டேன். அண்ணன் எட்டாம் வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தான். எழுதிக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"தெசே. செத்துப்போறது. ஏன்?"

"சும்மா."

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அது சரியாகவே பட்டது. பிறந்தது மேலே, இறந்தது கீழே. அதற்கென்றே இடம் விட்டு அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அடுத்த பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. போனில் பாலு சாகவில்லை, தெருவில் பாலுவைப் பற்றிப் பேச்சில்லை, ஆனால் இந்தப் புத்தகத்தில் பொய் எழுத முடியாதென்றால், உண்மையை எழுதத்தானே வேண்டும்? அப்பா ஊருக்கு வந்து இதைத் திறந்து பார்த்துத் தானாகவே தெரிந்துகொள்வார். போனில் யாரும் சொன்னதாக ஆகாது. அம்மாவின் சட்டத்தையும் நான் மீறியிருக்க மாட்டேன். அந்த வயதில் எனக்கு இருந்த சட்ட ஞானத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

பீரோ சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கும். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணனின் நீலப் பேனா. என் பக்கத்தைப் பார்த்து வரி வரியாக அதே மாதிரி எழுதினேன். எங்கள் குடும்பப் பெயர், பிறகு பாலு. பிறந்த தேதி தெரியவில்லை. அப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாளையே போட்டேன். பிறந்த ஊர் திருவேட்டக்குடி. தகப்பனார் பெயர், தாயார் பெயர். கீழே இறந்த தேதி. இறந்த இடத்தைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று தெரியாததால் "நம்ம வீடு" என்று தமிழில் எழுதினேன். மை காயும்வரை ஊதினேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்குத்தான் நான் வெகுநாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். அம்மாகூடக் கவனித்து, "மகாராணிக்கு இன்னிக்கிப் பசி வந்துடுச்சு" என்று கேலி செய்தாள்.

தை மாதம் விடிகாலை பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனோம். அண்ணனுக்குப் பரீட்சை, நானும் அம்மாவும் மட்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஒவ்வொரு ஊராகக் கடக்கும்போதும் அம்மா மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அலுவலகத்தில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நம்மூர் முகம், நம்மூர்த் தமிழ். எங்கள் பயமெல்லாம் போய்விட்டது. ஒவ்வொரு காகிதமாகப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியாக லிவ்ரேயைத் திறந்தார். முதல் பக்கம். அண்ணன் பக்கம். என் பக்கம். இன்னொன்றும் புரட்டினார்.

புரட்டியவர் அப்படியே நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணாவது கொழந்த தவறினத நீங்க பாரத்துல எழுதலயேம்மா" என்றார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அதையும் எழுதணும்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்கதாங்க" என்றாள் அம்மா.

அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தார். "முத்திரை இல்ல. கையெழுத்தும் இல்ல. 'நம்ம வீடு'ன்னு தமிழ்ல இருக்கு. யாரும்மா இந்தப் பாலு?" என்று புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

அம்மா பார்த்தாள். எனக்கு நினைவில் இருக்கிறது, முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியையும் படித்தாள். அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க நாயிங்க" என்றேன் நான், அந்த அம்மாளிடம்.

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ஏன் கண்ணு இதுல எழுதினே?"

"செத்துட்டான்னு போன்ல சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. இதுல பொய் எழுத முடியாதுன்னும் சொன்னாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, கிறுக்கல் விழுந்த லிவ்ரேயை வைத்துக்கொண்டு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும், அப்பா அங்கிருந்து எழுதிப் புதுப் புத்தகம் வாங்க வேண்டும் என்றும், அதற்குப் பல மாதம் பிடிக்கும் என்றும், அதற்கப்புறம்தான் அடுத்த ராந்தேவு என்றும் மெதுவாக, எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சித்திரை போயிற்று. நாங்கள் எழுந்தபோது, "கொழந்தைய அடிக்காதீங்கம்மா" என்றார்.

அம்மா அடிக்கவில்லை. பஸ் ஏறினதிலிருந்து கடலூர்வரை திட்டினாள். படித்துப் படித்துச் சொன்னேனே, நாலு வருஷமா நான் பட்ட பாடெல்லாம் மண்ணாப்போச்சே, அந்த மனுஷன் அங்க இன்னும் ஒரு குளிர்காலம் ஒத்தையில கெடக்கணுமே என்று சொல்லிச் சொல்லித் திட்டினாள். அப்போதுதான் நான் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிதம்பரத்தில் கொய்யாக்காய் வாங்கி என் கையில் வைத்தாள். சீர்காழி தாண்டும்போது, யாரிடமோ சொல்வது போல, "கருவாட்டுத் தலைன்னா அவனுக்கு உசுரு. அன்னிக்கி அதக்கூடத் திங்கலயே" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் தரங்கம்பாடிவரை அழுதோம். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போன் வந்தது. அம்மா எடுத்தாள். அன்று முகத்தில் சிரிப்பை ஒட்டவைக்கவில்லை. "ஏங்க, பேப்பரு முடியல. லிவ்ரே கெட்டுப்போச்சு. இருங்க, ஏன்னு ஒங்க பொண்ணே சொல்லுவா" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"சொல்லு பாப்பா" என்றார் அப்பா.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அப்பா, பாலு செத்துட்டான்ப்பா. எப்பவோ செத்துட்டான். நாந்தான் கொரைச்சேன். நாந்தான் லிவ்ரேயில அவன் பேர எழுதிட்டேன்."

"தெரியும்மா."

"லிவ்ரே விஷயமா?"

"அது தெரியாது. பாலு போனது தெரியும்." ஒரு மாதிரி சிரித்தார். "அவன் ரெண்டு தடவைதான் கொரைப்பான். நீ வாரத்துக்கு வாரம் கூட்டிக்கிட்டே போயி, போன வாரம் ஏழுல கொண்டாந்து நிறுத்துனே."

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் பட்ட கஷ்டம்! "பின்ன எதுக்குப்பா வாராவாரம் கொரைக்கச் சொன்னீங்க?"

பேப்பர் கெடக்கட்டும், அப்பா பாத்துக்கறேன் என்றார். பிறகு, "எந்தக் கெழம போனான்?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை என்றேன். எத்தனை மணிக்கு என்றார். ஒன்றரை இருக்கும் என்றேன். எங்கே என்றார். சமையல்கட்டில் என்றேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. புதுப் புத்தகம் வாங்கப் போகிறார் அல்லவா, இந்தத் தடவை பாலுவின் பக்கத்தைச் சரியாக, முத்திரையோடு எழுதிக் கொடுக்கப்போகிறார்கள், அதற்குத்தான் விவரம் கேட்கிறார். அதனால் ஒன்றுகூடத் தப்பாகிவிடக் கூடாது என்று நான் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, அவர் எழுதிக்கொள்ள நேரம் விட்டுப் பதில் சொன்னேன்.

"ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"இல்லப்பா. தூங்குற மாதிரிதான் இருந்தான்."

"யாரு மடியில?"

"அம்மா மடியில. நான் வயித்துல கை வச்சிருந்தேன்."

"மழையா?"

"நல்ல மழைப்பா. குழியில தண்ணி வந்துடுச்சு. அண்ணன் மணலாப் போட்டு மேடாக்கிட்டான். நனையல."

"எதுல சுத்துனீங்க?"

"ஒங்க புதுக் கைலியில. நீலக் கட்டம் போட்டது."

இதற்கெல்லாம் அந்தப் பக்கத்தில் இடம் இருக்காதே, ரொம்பப் பொடியாக எழுத வேண்டியிருக்குமே என்று யோசித்தேன். அப்பா சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காத்திருந்தேன்.

"கண்ணு மூடியிருந்துதா பாப்பா?"

"தொறந்துதான்ப்பா இருந்துச்சு. அம்மா கையால மூடிவிட்டாங்க. ரெண்டு தடவ தொறந்துக்கிச்சு. அப்பறம் அப்புடியே கைய வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாங்க."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்பா, அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். தூரத்தில் ஏதோ இழுபடுவது போல, மூக்கடைத்தவர் மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் வந்தது. லைன் சரியில்லை என்று ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா காதில் வைத்துக்கொண்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "போன் கட்டாயிடுச்சுண்ணா. அம்மாவுக்கு அது தெரியல, சும்மா காதுல வச்சிக்கிட்டே நிக்கிறாங்க."